சங்கிலிக்கு எண்ணெய், பிரேக்குக்கு வறட்சி: டிஸ்க் பிரேக்கை மாசினின்று காக்கும் முறைகள் பற்றிய ஒரு பரிசீலனை

இரு சக்கர வாகனத்தின் பின் சக்கரத்தில், எண்ணெய் இல்லாவிடில் துருவேறித் தேய்ந்துபோகும் சங்கிலி ஒரு பக்கத்திலும், எண்ணெய் பட்டால் தன் தொழிலையே இழந்துவிடும் டிஸ்க் பிரேக் மறு பக்கத்திலும், இடையே ஏறத்தாழ ஒரு சாண் தூரம் மட்டுமே இருக்க, அமைந்திருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் சங்கிலி இடப்புறமும் டிஸ்க் வலப்புறமும் இருக்கும். மிதிவண்டியில் அது மாறி, சங்கிலி வலப்புறமும் டிஸ்க் இடப்புறமும் இருக்கும். வண்டியைக் கழுவித் துடைத்து எண்ணெயிடும் ஒருவர், சங்கிலிக்கு உரியது பிரேக்கைச் சென்று தீண்டாமல் காப்பது எவ்வாறு என்பதே இங்கே ஆராயப் புகும் வினா.

இவ்வினாவுக்கு விடைகள் பல உண்டு. டிஸ்க்கை மூடிவைத்து வேலை செய்க என்பர் சிலர். சக்கரத்தையே கழற்றிவிடுக என்பர் வேறு சிலர். பட்டால் ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும் என்பாரும், நாலு தடவை அழுத்திப் பிரேக் பிடித்தால் எண்ணெய் தானே எரிந்துபோகும் என்பாரும் உளர். இவை தம்முள் முரண்படுவன. எனினும் சொல்பவர் ஒவ்வொருவரும் தம் கைப்பட வேலை செய்து கண்டதையே சொல்கிறார் என்பதையும் மறுத்தற்கில்லை. ஒருவர் மிதிவண்டியின் மெல்லிய தகட்டையும் மற்றொருவர் கனத்த மோட்டார் சைக்கிள் டிஸ்க்கையும், ஒருவர் சூட்டில் ஆவியாகும் மண்ணெண்ணெயையும் மற்றொருவர் ஆவியாகாத கியர் ஆயிலையும் மனத்திற் கொண்டு பேசுவதாலேயே இம்முரண்பாட்டில் பெரும்பகுதி விளைகிறது என்று கருத இடமுண்டு.

வினாவின் பூர்வீகம்

பிரேக்கின் சரித்திரத்தில் 1902ஆம் ஆண்டு விசேஷமானது. அவ்வாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தைச் சேர்ந்த பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருப்படுத்தியதும் ஏறத்தாழ அதே காலத்திலேயே என்பர். அடுத்த அரை நூற்றாண்டு டிரம்மின் காலமாகவே இருந்தது. 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்குடன் வென்ற பின்னரே இதன் மதிப்பை உலகம் உணர்ந்தது. 1969இல் வந்த ஹோண்டா சி.பி. 750 அதனைப் பெருவாரியாக உற்பத்தியாகும் மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல், பெரும்பாலும் டிஸ்க் பிரேக்கோடு சேர்ந்து வரும் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டதும், சாலைப் பந்தய மிதிவண்டிகளில் டிஸ்க் பிரேக்கைச் சர்வதேச சைக்கிள் சங்கம் 2018 ஜூலையில் முறைப்படி அனுமதித்ததும், முன்பு சிலருக்கே உரியதாயிருந்த இந்தக் கவலையைப் பலருக்கும் பொதுவாக்கிவிட்டன.

டிரம் மூடிய பாத்திரம். அதனுள் எண்ணெய் சேர்ந்தால் அது பெரும்பாலும் உள்ளிருந்தே, அச்சுத் தாங்கியின் கிரீஸ் உருகியோ ஆயில் சீல் கசிந்தோ, வந்ததாக இருக்கும். டிஸ்க்கோ திறந்த வெளியில் சுழல்வது. மழைநீரையும் சேற்றையும் சுழற்சியின் வேகத்திலேயே உதறிவிடுவதும், காற்றுப் பட்டு விரைவில் குளிர்வதும் அத்திறப்பினால் வந்த நன்மைகள். எந்தத் துளியும் எத்திசையிலிருந்தும் வந்து படியலாம் என்பது அதே திறப்பினால் வந்த அபாயம். இன்று பட்டறைகளில் வழங்கும் பரிகாரங்கள் பல, அதாவது பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவுதல், உப்புத்தாளில் தேய்த்தல், நெருப்பில் வாட்டுதல் ஆகியவை, டிரம்மின் காலத்தில் வழக்கில் இருந்தவை. அமைப்பு மாறிய பின்னும் பரிகாரம் மாறாமல் தொடர்ந்ததே இன்றைய குழப்பத்தின் ஒரு வேர் எனத் தோன்றுகிறது.

எவ்வளவு எண்ணெய் தீங்கு செய்யும்?

இக்கேள்விக்கு விடை தராமல் மூடுவதா கழற்றுவதா என்று வாதிப்பது பயனற்றது. 1922இல் வில்லியம் ஹார்டி என்ற ஆங்கில விஞ்ஞானி, உலோகப் பரப்புகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியும் எண்ணெய்ப் படலம் இல்லாதபோதும், பரப்பில் ஒட்டிக்கொண்ட மூலக்கூறுகளின் மிக மெல்லிய அடுக்கே உராய்வைப் பெரிதும் குறைத்துவிடுவதை விளக்கி, அதற்கு எல்லைநிலை உயவு என்னும் கருத்தை வகுத்தார். பின்னர் பௌடன், டேபர் என்னும் இருவர் 1950இல் வெளியிட்ட நூலில் இத்துறையை விரிவாக நிலைநாட்டினர். எந்திரங்களின் தேய்மானத்தைக் குறைப்பதற்காக எழுந்த அந்த ஆராய்ச்சி, உராய்வையே உயிராகக் கொண்ட பிரேக்குக்கு ஓர் எச்சரிக்கையாகவும் அமைகிறது. துணியால் அழுந்தத் துடைத்த பின் பளபளவென்று தெரியும் டிஸ்க், பார்வைக்குச் சுத்தமாயினும், பிரேக்கின் கணக்கில் சுத்தமானதன்று.

டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பேடின் உராய்வுத் திறனை எழுத்துக் குறிகளால் காட்டும் வழக்கம் அமெரிக்க வாகன எஞ்சினியர் சங்கத்தின் நியமப்படி உண்டு. எஃப் என்பது உராய்வுக் குணகம் 0.35க்கும் 0.45க்கும் இடைப்பட்டது, ஜி என்பது 0.55 வரை, எச் அதற்கும் மேல், சி என்பதோ 0.15க்கு உட்பட்டது. எண்ணெய் பட்ட நல்ல பேட் மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கிவிடக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால், நிற்க வேண்டிய தூரம் எவ்வளவு நீளும் என்பது விளங்கும்.

இதிலும் நுட்பமானது ஒன்று உண்டு. புதிய பேட் டிஸ்க்கோடு பழகும்போது, தன் பொருளில் மிகச் சிறிதளவைத் தகட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிய வைக்கிறது. பிடிமானத்தின் ஒரு பங்கு அந்தப் பூச்சுக்கும் பேடுக்கும் இடையிலேயே நிகழ்கிறது. எண்ணெய் அப்பூச்சைத் திட்டுத் திட்டாகக் குலைக்கும்போது, பிரேக் பிடிப்பது குறைவதோடு கீச்சென்ற ஓசையும் எழலாம். ஓசை எழும் ஒவ்வொரு பிரேக்கும் எண்ணெய் பட்டது என்பது அபத்தம். பேடுகளைத் தாங்கும் காலிப்பர் சற்றுக் கோணினாலும் ஓசை வரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது டிஸ்க்குக்கும் பேடுக்கும் உள்ள பேதம். டிஸ்க் அடர்ந்த உலோகம். எண்ணெய் அதன் மேலேயே நிற்கும், எடுத்துவிடலாம். பேட் நுண்துளைகள் நிறைந்தது. பல முறை எண்ணெய் ஊற்றி ஏற்றிய மண் அகலைத் துடைத்து வைத்தாலும் வெயில் பட்டதும் மறுபடி எண்ணெய் கசிவதைப் போல, பேட் தான் உறிஞ்சியதைச் சூடேறும்போதெல்லாம் சிறிது சிறிதாக மேற்பரப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே பேடைத் தீண்டாமல் காப்பதும் டிஸ்க்கைத் தீண்டாமல் காப்பதும் ஒரே தரத்தில் வைத்து எண்ணத்தக்கவை அல்ல. வழங்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்தப் பேதத்தைக் கவனியாமல் விடுகின்றன. அதுவே அவற்றின் பெருங்குறை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மூடுவோரும் கழற்றுவோரும்

மூடும் முறையினர் டிஸ்க்கையும் காலிப்பரையும் பாலித்தீன் பையாலோ அட்டையாலோ போர்த்தி, அதன் பின்னரே சங்கிலியைத் தொடவேண்டும் என்பர். இதன் சௌகரியம் வெளிப்படை. குறையோ போர்வையிலேயே உள்ளது: போன மாதம் உபயோகித்து, எண்ணெய்த் துளி பட்டு, மடித்து வைத்த அதே பையை இம்மாதம் உட்புறம் வெளிப்புறம் பாராது மாட்டினால், காக்க வந்ததே மாசைக் கொண்டுவந்து பூசிவிடும். பட்டறைக் கந்தைத் துணியைச் சுற்றிவைப்பது இதனினும் மோசம்.

சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றிவிட்டே வேலை செய்க என்னும் முறை மிதிவண்டிக்கு மிகப் பொருத்தமானது. சக்கரம் நிமிஷத்தில் கழலும், பேடையும் ஒரு காகிதத்தில் சுற்றித் தனியே வைத்துவிடலாம். கழற்றிய பின் லீவரை அழுத்திவிட்டால் பிஸ்டன்கள் வெளியே நகர்ந்துவிடும் என்பதால், இடையில் ஒரு தடுப்புத் துண்டைச் செருகிவைப்பது நியமம். மோட்டார் சைக்கிளுக்கோ, 500 முதல் 1000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சங்கிலிக்கு எண்ணெயிட வேண்டிய ஒருவர், ஒவ்வொரு தடவையும் அச்சைக் கழற்றிச் சங்கிலியின் இழுவையை மறுபடி சரிசெய்ய வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. தவறாகப் பூட்டிய அச்சினால் வரும் அபாயம், தடுக்க நினைத்த அபாயத்தினும் பெரிது.

இவ்விரு சாராரும் அதிகம் பேசாத ஒன்று வேலையின் வரிசை. முதலில் சங்கிலியைத் துலக்கி, அழுக்கு எண்ணெய் வழிந்தோடிய பின் வண்டியைக் கழுவி, உலர்ந்ததும் சங்கிலிக்கு எண்ணெயிட்டு, மிகுதியைத் துடைத்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, சுத்தமான புதுத் துணியால் டிஸ்க்கைக் கடைசியாகத் துடைப்பது என்னும் கிரமம், போர்வை இல்லாமலே பாதிக்கும் மேற்பட்ட காவலைத் தரவல்லது.

எண்ணெயையும் அதை இடும் விதத்தையும் மாற்றுவோர்

மூன்றாவது சாரார், காவலை டிஸ்க்கில் வைக்காமல் எண்ணெயிலேயே வைக்க வேண்டும் என்பர். இவ்வாதம் வலியது. ஸ்ப்ரேயிலிருந்து வெளிவரும் நுண்திவலைகள் காற்றில் மிதந்து, சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே புகுந்து மறுபுறம் செல்லும். மின்விசிறியோ வாசற் காற்றோ இருந்தால் எவ்வளவு குறிபார்த்தாலும் பயனில்லை. அதே எண்ணெயைப் பிரஷ்ஷில் தொட்டு, கீழ்ச் சங்கிலியின் உட்புறத்தில் தடவினால் திவலை என்பதே எழாது. கியர் ஆயிலைத் தடவும் பழைய வழக்கத்தைப் பல வண்டிகளின் கையேடுகளும் ஏற்கின்றன. அதன் குறை, மிகுதியைத் துடைக்காவிட்டால் ஸ்பிராக்கெட்டின் சுழற்சியில் தெறித்து ரிம்மிலும் டயரிலும் படிவது. ஸ்ப்ரே வகைகள் இதற்கு நேர்மாறானவை: இடும்போது பரவும், அவற்றிலுள்ள கரைப்பான் ஆவியான பின் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகையால் ஸ்ப்ரே அடித்த உடனே வண்டியை எடுப்பது அதன் பலனையே கெடுப்பதாகும். இரவில் இட்டு, காலையில் துடைத்துவிட்டு எடுப்பதே உத்தமம்.

மிதிவண்டிக்காரர்களுள் ஒரு பிரிவினர், சங்கிலியைக் கழற்றி உருக்கிய பாரபின் மெழுகில் முக்கி எடுக்கும் முறையைக் கைக்கொள்கின்றனர். குளிர்ந்த மெழுகு தெறிப்பதில்லை என்பதால் பிரேக்கைப் பொறுத்தவரை இது ஏறத்தாழ நிர்த்தோஷமானது. ஆனால் மோட்டார் சைக்கிளின் ஓ-ரிங் சங்கிலியில் கிரீஸ் உள்ளேயே அடைக்கப்பட்டிருப்பதால், அதற்கு இம்முறை பொருந்தாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சக்கரம் சுழல, சங்கிலியில் துணியையோ பிரஷ்ஷையோ வைப்பது விரல்களைப் பலிகொடுக்கும் செயல். பிரேக்கின் நோக்கிலும் அது தவறு. வேகச் சுழற்சியில் எண்ணெய் எங்கும் விசிறப்படும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுவதே இரு வகையிலும் தகும்.

துடைக்கும் திரவங்கள்

துலக்கும் திரவமே மாசாகும் விபரீதத்தை இப்பகுதியில் காண்கிறோம். ஓ-ரிங் சங்கிலிக்கு மண்ணெண்ணெய் உகந்தது. ரப்பர் வளையத்தைக் கெடுக்காமல் அழுக்கைக் கரைக்கிறது. அதன் கொதிநிலை ஏறத்தாழ 150 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை பரவியிருப்பதால், டிஸ்க்கில் பட்டால் தானே உலர்ந்துபோகாமல் வழவழப்பான எச்சத்தை விட்டுவைக்கும். டீசல் இன்னும் மெதுவாகவே ஆவியாகும். பெட்ரோல் விரைவில் ஆவியாகுமாயினும், எளிதில் தீப்பற்றும் அதன் ஆவியின் அருகே இவ்வேலையைச் செய்வது எவ்விதத்திலும் சிபாரிசுக்கு உரியதன்று.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 82 டிகிரியில் கொதிப்பது, எச்சம் விடாதது, டிஸ்க்குக்குப் பொதுவாக அனைவரும் ஒப்புக்கொள்வது இதுவே. கொரோனாக் காலத்துக்குப் பின் வீடுதோறும் உள்ள கைச் சானிடைசரை அதற்குப் பதிலாக உபயோகிக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கைத்திரவத்தில் 1.45 சதவீதம் கிளிசரின் சேர்க்கப்படுகிறது. தோல் உலராமல் இருக்க நன்று, டிஸ்க்குக்கு அது மாசே. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்த வகைகளும் இருப்பதால், சீட்டைப் படித்தே வாங்க வேண்டும்.

பிரேக் கிளீனர் என்று விற்கும் ஸ்ப்ரேக்கள் வலியவை. அவற்றுள் குளோரின் சேர்ந்த வகை எண்ணெயை மிக நன்றாகக் கரைத்தாலும், அதில் சேரும் டெட்ராகுளோரோஎதிலீனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வைத்துள்ளது. சுடும் உலோகத்தில் பட்டால் நச்சு வாயுவும் எழலாம். சுட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் எந்த ஸ்பிரிட்டையும் தெளிக்கலாகாது என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சோப்பு நீரும் வெந்நீரும் கொண்டு கழுவி, நன்றாக அலசி உலர்த்தும் எளிய முறையைச் சிலர் ஏளனம் செய்யினும், புதிய எண்ணெயை நீக்குவதில் அது பலர் எண்ணுவதினும் திறமையானது. மெழுகு கலந்த ஷாம்பு மட்டும் கூடாது.

சிலிக்கோன் விஷயம் தனி. டயருக்கும் பிளாஸ்டிக் பகுதிகளுக்கும் மெருகேற்றும் பாலிஷ்களில் உள்ள சிலிக்கோன் எண்ணெய் சூட்டுக்கு அசையாது, ஆல்கஹாலிலும் எளிதில் கரையாது. சங்கிலி எண்ணெய்க்கு அஞ்சுபவர்கள் மெருகு ஸ்ப்ரேயை அஞ்சாமல் சக்கரத்தின் மேலேயே அடிப்பது கவலைக்குரிய வழக்கம்.

"சூட்டில் எரிந்துவிடும்" என்னும் கட்சி

அனுபவமிக்க மெக்கானிக்குகள் பலர் இக்கட்சியினர். அவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்து வந்த டிஸ்க் எவ்வளவு சூடேறும் என்பதை அறிந்தவர், மெல்லிய மண்ணெண்ணெய்ப் படலம் அதில் நிற்காது என்று சொன்னால் அது உண்மையே. ஆனால் என்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ 200 டிகிரிக்குக் கீழே தீப்பற்றக்கூட இடம் தராதது. நகரத் தெருவில் விட்டு விட்டுப் பிடிக்கும் பிரேக்கில் அந்தச் சூடு நீடித்து நிற்பது அரிது. மிதிவண்டியின் 160 மில்லிமீட்டர் விட்டமும் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமும் உள்ள தகடு, இறக்கத்தில் விரைவில் சூடேறினும் விரைவிலேயே ஆறிவிடும்.

பேடைக் கழற்றி அடுப்பிலோ தீச்சுடரிலோ வாட்டும் பரிகாரத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பிசின் வகைப் பேடுகளைப் பிணைத்து நிறுத்தும் பீனாலிக் பிசின் ஏறத்தாழ 300 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்குகிறது. கனத்த எண்ணெயை விரட்டப் போதிய சூடும், பேடைக் கெடுக்கப் போதிய சூடும் இவ்வளவு நெருங்கியிருக்கும்போது, வெப்பமானி இல்லாத அடுப்பில் நடுவழி காண்பது கடினம். பேடைப் பின்தகட்டோடு ஒட்டியிருக்கும் பசை இளகி, வெளியே தெரியாமல் பிடிப்பு விட்டுப்போகவும் கூடும். உலோகத் தூளை உயர் வெப்பத்தில் இறுக்கிச் செய்த சின்டர்டு பேடில் இப்பிசின் இல்லாமையால், அது வாட்டத்தைத் தாங்குகிறது. வாட்டிப் பிழைத்தது என்பாரும் வாட்டிக் கெட்டது என்பாரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

உப்புத்தாளில் தேய்ப்பது மேற்பரப்பில் பட்டு உடனே கண்டுகொண்ட துளிக்கு உதவும், ஊறியதற்கு உதவாது. எண்ணெய் குடித்த பேடை மாற்றிவிடுக என்னும் தயாரிப்பாளர் கூற்றை, விற்பனை நோக்கம் கொண்டது என்று ஐயுறுவோர் உண்டு. ஒரு ஜோடி பேடின் விலையை ஒரு விபத்தின் விலையோடு ஒப்பிட்டால் அந்த ஐயத்துக்கு அதிக இடமில்லை.

கவனம் பெறாத ஊற்றுகள்

விவாதம் முழுவதும் சங்கிலியைச் சுற்றியே நிகழ்வதால், முன் பிரேக் மறக்கப்படுகிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்தினுடையது. அதற்குச் சங்கிலி அருகில் இல்லை. ஆனால் ஃபோர்க்கின் ஆயில் சீல் கிழிந்தால் அதிலிருந்து வழியும் எண்ணெய் நேராகக் காலிப்பரை நோக்கியே இறங்கும். எந்தப் போர்வையும் இதைத் தடுக்காது. துடைக்கும்போது ஃபோர்க் குழலில் எண்ணெய் வளையம் தெரிகிறதா என்று பார்ப்பதே தற்காப்பு. பிரேக் திரவமும் பேடுக்குப் பகையே. திரவத்தை மாற்றும்போது பேடைக் கழற்றி வைப்பது அவசியம்.

வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் இரண்டு அபாயங்கள் கூடுகின்றன. அழுத்தமான நீரைச் சக்கரத்தின் நடுவே பாய்ச்சினால் அச்சுத் தாங்கியின் கிரீஸ் நீரோடு வெளியேறி டிஸ்க்கை அடையலாம். கழுவி முடித்த பின், துருப் பிடிக்காதிருக்க வண்டியின் அடிப்பாகத்தில் டீசலும் ஆயிலும் கலந்து விசிறும் வழக்கமோ, அதுவரை செய்த காவல் அனைத்தையும் ஒரு நொடியில் வீணாக்கும். அந்த விசிறல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மேல்.

இன்னும் தீராதவை

மேற்கூறியவற்றுள் ஓரளவு உறுதியாகக் கொள்ளத்தக்கவை சில: திவலையாகாத எண்ணெயிடல் திவலையாவதினும் நன்று, டிஸ்க்கின் மாசு மீட்கத்தக்கது, பேடின் மாசு பெரும்பாலும் மீட்கத்தகாதது, வேலை முடிந்ததும் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிச் சிலமுறை பிரேக்கைச் சோதித்த பின்னரே சாலைக்குச் செல்ல வேண்டும். மற்றவை விவாதத்துக்கு உரியனவாகவே நிற்கின்றன. விரல் பட்ட அடையாளத்தின் பிசுக்கு மிதிவண்டி டிஸ்க்கை உண்மையிலேயே பாதிக்கிறதா, அல்லது அது மிகையான அச்சமா என்பது ஒன்று. கரைப்பானில் ஊறவைத்த பிசின் பேடிலிருந்து எண்ணெய் வெளியேறுகிறதா, அன்றி மெலிந்து இன்னும் ஆழமாகப் புகுகிறதா என்பது மற்றொன்று. மீட்கப்பட்டது என்று சொல்லப்படும் பேடுகளை ஓசை நின்றதைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். நிற்கும் தூரத்தை அளந்து மதிப்பிடுவோர் அரியர்.

மோட்டார் சைக்கிள் பிரேக்குக்கான ஐ.நா. 78ஆம் விதியும், மிதிவண்டிக்கான ஐ.எஸ்.ஓ. 4210 நியமமும் வறண்ட நிலையிலும் நனைந்த நிலையிலும் பிரேக்கைச் சோதிக்கின்றன. எண்ணெய் பட்ட நிலைக்கு அவற்றில் சோதனை வகுக்கப்படவில்லை. இத்தனை மில்லிகிராம் எண்ணெய் இந்த வகைப் பேடில் இவ்வளவு உராய்வைக் குறைக்கும், இந்த முறையால் துடைத்தால் இவ்வளவு திரும்பும் என்று சொல்லும் அளவுகோல் ஒன்று பொது உபயோகத்துக்கு வரும்வரையில், மீட்டெடுத்த பேடைப் புதியதற்குச் சமம் என்பாரின் கூற்றும், ஒருபோதும் சமமாகாது என்பாரின் கூற்றும் அனுபவ வாக்குகளாகவே இருக்கும். அவ்விரண்டுள் எதை ஏற்பது என்பது அந்தந்த வண்டியின் பேடையும் அதில் பட்ட எண்ணெயையும் அறிந்த பின்னரே தீர்மானிக்கத்தக்கது.